நெம்புகோலில் பூ வைக்காதீர்கள்

பெங்களூரில் டிசம்பர் குளிர் இப்போதெல்லாம் பெயருக்குத்தான் வருகிறது. இருந்தாலும் போன வாரம் பரணிலிருந்து ரூம் ஹீட்டரை இறக்கினேன். சுவிட்சைப் போட்டதும் கம்பிச் சுருளில் படிந்திருந்த தூசி கருகி வாசனை வந்தது. மனைவி ஜன்னலைத் திறக்கப் போனாள். வேண்டாமென்றேன். அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் நான் முதல் சம்பளம் வாங்கினேன்.

உலோகவியல் படித்துவிட்டு, விமானம் செய்யப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன் நான். வேலை கிடைத்தது பொம்மனஹள்ளியில் ஒரு தனியார் உலோகச் சோதனைக்கூடத்தில். அங்கே பின்னறையில் ஆளுயரத்துக்கு ஒரு இயந்திரம். நடுவில் சின்ன மின் உலை, உலைக்குள் சுண்டுவிரல் பருமனில் ஒரு கம்பி. மேலே நீண்ட நெம்புகோல், அதன் முனையில் எடைக்கற்கள். மாறாத சூட்டில், மாறாத எடையில் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நீளும். என்றாவது ஒரு நாள் அறும். அதுவரை எவ்வளவு காலம் தாங்கியது என்பதுதான் சோதனை. வருஷக் கணக்கில் ஓடும்.

அம்மா ஆம்பூரிலிருந்து போனில் கேட்பாள்.

"ஆபீஸ்ல இன்னாடா வேல?"

"ஒரு கம்பி எப்ப அறும்னு பாத்துக்கினு இருக்கறேம்மா."

"இன்னும் அறுலியா?"

"இல்ல."

"அப்ப நல்ல கம்பிதான். நீ கிளம்பி வா."

நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் அப்போது அம்மா சொன்னது சரியென்றுதான் பட்டது.

அந்தக் கம்பி சரோஜா மேடத்தினுடையது. எங்கள் பிரிவின் தலைவர், பிரேசர் டவுன்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அனல்மின் நிலையக் கொதிகலன் குழாய்களுக்காக அவர் உருவாக்கிய கலப்பு உலோகம் அது. கூடுதல் சூட்டை அது தாங்கினால், அதே மின்சாரத்துக்கு எரிக்கும் நிலக்கரி குறையும். சின்னச் சோதனைகளையெல்லாம் தாண்டிவிட்டது. ஆனால் இடைவிடாத நீண்ட சோதனை ஒன்று இல்லாமல் மதிப்பீட்டுக் குழு அதைத் திரும்பியும் பார்க்காது. அறை வாசலில் ‘அணைக்காதீர்’ என்று ஒரு போர்டு தொங்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக உறுமும். அதைப் பார்த்துக்கொண்டவன், கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோன அருள். "எங்கப்பாவுக்குச் சொரங்கத்துலகூட கரண்ட் போயிருக்குது மச்சி. இந்த ரூம்ல போவாது" என்பான்.

ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, துடைத்து, குங்குமம் வைப்போம். இது ஒன்றுக்கு மட்டும் ஓட ஓடவே பூஜை. மேடம் கிறிஸ்தவர், ஆனாலும் மல்லிகைச் சரம் வாங்கிவருவது அவர்தான். முதல் வருஷம் நான் பக்தியோடு அதை நெம்புகோலில் சுற்றப் போனேன். மேடம் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏய், அங்க வெக்காதப்பா! பூவோட வெயிட்டு கம்பி மேல பல மடங்கா எறங்கும்."

"சாமியா இருந்தாலும் கீழ ஸ்டாண்டுலதான் உக்காரணும் மச்சி" என்றான் அருள்.

பிறகு கம்பெனி கைமாறியது. புது நிர்வாக மேலாளர் வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் பூஜை முடிந்து, பொரிப் பொட்டலங்களோடு நாங்கள் கிளம்பிவிட்டோம். அவர் கடைசியாக ஒரு சுற்று வந்திருக்கிறார். பின்னறை இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தார். ஜெனரேட்டர் உறுமியது. அதற்கும் ஒரு பொட்டு வைத்து, அதையும் நிறுத்தினார்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது கருகல் வாசனை இல்லை. வாடிய மல்லிகை வாசனை மட்டும் இருந்தது. எடைக்கற்கள் அப்படியே தொங்கின. கம்பி அறவில்லை.

மேடம் உலையின் மேல் உள்ளங்கையை வைத்தார். அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. வைத்த கையை எடுக்கவில்லை.

மேலாளர் ஓடி வந்தார். "போர்டு பாத்தேன் மேடம். அது மத்த நாளுக்குன்னு நெனச்சேன். வருஷம் பூரா ஓடுதே, ஒரு நாள் ரெஸ்ட் பேடவா?" வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்டார்.

"எத்தன மணிக்கு அணைச்சீங்க சார்?"

அவர் கவனிக்கவில்லை. பதிவுக் கருவியும் சேர்ந்துதான் அணைந்திருந்தது. சூடு எப்போது இறங்கத் தொடங்கியது என்பதைக்கூட இனி யாரும் எழுத முடியாது.

"எங்க ஊர்லயும் இப்டித்தான்" என்றான் அருள், யாரையும் பார்க்காமல். "சொரங்கத்த மூடி பம்ப்ப நிறுத்துனாங்க. தண்ணி ஏறிடிச்சு."

மறுபடி சூடேற்றியிருக்கலாம். ஆறிச் சூடேறிய கம்பியைக் குழு ஏற்காது. புதுக் கம்பியை முதலிலிருந்து இழுக்கப் புது முதலாளிகளுக்குப் பொறுமை இல்லை, மேடத்துக்குக் காலம் இல்லை. அவர் ஓய்வுபெற்றார். நான் பத்திரிகைக்குப் போனேன். அங்கே எல்லாம் மறுநாள் காலைக்குள் முடிந்துவிடும்.

சோதனைக்கூடம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. அருள் எங்கே என்று தெரியவில்லை. மேடம் இறந்துவிட்டார். ஒரு கலவை எவ்வளவு காலம் தாங்கும் என்று கணினி இப்போது ஒரு மதியத்தில் சொல்லிவிடுகிறது. பழைய சோதனைகளைக் கொடுத்துத்தான் அதைப் பழக்குகிறார்களாம். அந்த வேலை பார்க்கும் அண்ணன் மகளிடம், பாதியில் நின்ற சோதனைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் மொதல்லயே டெலீட் பண்ணிடுவோம் சித்தப்பா."

ஹீட்டரை அணைத்தேன். சுருள் டிக் டிக்கென்று சத்தமிட்டு ஆறியது. சத்தம் நின்றதும் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன்.