பூநகரியில் ஒரு பசு, நாற்பத்தொரு வயதில் ஒரு முடிவு

சென்ற மாதம் மூன்று பேர் இந்த வலைப்பக்கத்துக்கு எழுதி ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மூவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூவருக்கும் நல்ல வேலை இருக்கிறது. மூவருக்கும் மனிதர்கள் அலுத்துவிட்டார்கள். இனிப் போய் மிருக வைத்தியம் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். இது பயணக் கட்டுரைகளுக்கான பக்கம் என்பதால் ஒரு பயணத்தையே பதிலாகத் தருகிறேன்.

2001ஆம் ஆண்டு, ஆடி மாதம். நான் வட்டக்கச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் என்பது ஒரு கூரை. நுணுக்குக்காட்டி மூன்று இடப்பெயர்வுகளுக்கு முன்பே தொலைந்துவிட்டது. பசுவின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு என்று பதினேழு வருடமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன்; ஒரு பசுவை ஒழுங்காகத் தொட்டதில்லை. அந்த வருடம் வன்னிக்குள்ளேயே இரண்டு வருடப் பயிற்சி ஒன்று தொடங்குவதாக இருந்தது. மிருக வைத்தியப் பீடம் இருக்கும் பேராதனைக்குப் போகும் பாதை போரால் பூட்டியிருந்தது. திறந்திருந்தாலும் என் வயதுக்கு அங்கே கதிரை இல்லை. இங்கே பயின்று வெளியே வருபவர் மிருக வைத்தியரின் வேலை முழுவதையும் செய்வார் என்றார்கள். வேறு ஆளில்லாத இடத்தில் தகுதி சீக்கிரம் வந்துவிடும்.

ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பெயர் கொடுக்கும் பொறுப்பு குகனிடம் இருந்தது. குகன் மிருக வைத்தியர், முப்பது வயது, என் பழைய மாணவன். "ரீச்சர், முதல்ல ஒருக்கால் என்னோட பூநகரிக்கு வந்து பாருங்கோ. திரும்பி வரேக்க ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. திங்கட்கிழமை நான் பெயர் குடுக்க வேணும்" என்றான். பிறகு, "வலக்கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாங்கோ" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்கப் பழகியவர்கள், ஆனால் தெரிந்த விடைகளுக்கு மட்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். வட்டக்கச்சியிலிருந்து பரந்தன் வழியாகப் பூநகரிக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். அந்த நாட்களில் வன்னிக்குள் பெற்றோலுக்குத் தடை; மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் தொடங்குவதற்குச் சில துளி பெற்றோல் காட்ட வேண்டும். குகன் அதை மாட்டுக்கு மருந்து ஏற்றும் ஊசியால் காட்டினான். ஒரே ஊசியா என்று கேட்டேன். "சீ, இது பழசு" என்றான். அதோடு நிம்மதியடைய முடிவு செய்தேன்.

பரந்தனில் நின்றிருந்த சுவர்களைவிட விழுந்த சுவர்கள் அதிகம். அவற்றுக்கு நடுவே ஒரு தேநீர்க் கடை திறந்திருந்தது. வெறும் தேத்தண்ணி ஐந்து ரூபா, கடிக்கப் பனங்கட்டி இனாம். அதற்கப்பால் வெட்டவெளி. சோளகக் காற்று எதிரே அடித்ததால் வாயைத் திறந்தால் மண். மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவையும் ஊசி ஏற்றினோம். பூநகரிக்குப் போய்ச் சேர ஒன்பதரை. என் முதுகு வந்து சேர இன்னும் கொஞ்சம் எடுத்தது.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது அன்றைய பயணத்தின் களைப்பு அல்ல. சில வருடங்களாகவே நான் களைத்துத்தான் எழும்பிக்கொண்டிருந்தேன். காரணம் மனிதர்கள் என்று கண்டுபிடித்திருந்தேன். மாடுகள் கூட்டம் வைப்பதில்லை, அறிக்கை வாசிப்பதில்லை, பிள்ளைக்கு ஏன் புள்ளி குறைந்தது என்று வீட்டுக்கு வருவதில்லை. ஆகவே மாடுகளிடம் போகலாம். இதுதான் என் திட்டத்தின் முழு விபரம்.

நாங்கள் போனது முத்தையா என்பவரின் வளவுக்கு, தெருவிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே. தேயிலைத் தோட்டத்திலிருந்து எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். அவருடைய பசு கன்று போட முடியாமல் முதல்நாள் பின்னேரமிருந்து முக்கிக்கொண்டிருந்தது. மனைவி லெட்சுமி அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க டாக்டர் ஐயா. இவுங்க உங்க அம்மாங்களா?"

"இல்லை, என்ர ரீச்சர்."

லெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் பாடம் முடியலீங்களா?"

பூவரச நிழலில் சைக்கிளில் சாய்ந்தபடி செல்வராசா நின்றார். பசு உண்மையில் அவருடைய தமையனுடையது. தமையன் கனடாவில். பசு முத்தையாவிடம் வாரத்துக்கு விடப்பட்டிருந்தது. அதாவது வளர்ப்பு முத்தையாவுடையது; கன்றுகளில் ஒன்று உரிமைக்காரருக்கு, அடுத்தது வளர்ப்பவருக்கு, மாறி மாறி. சென்ற கன்று கனடாவுக்குப் போனது, கணக்கில் மட்டும். இது முத்தையாவின் முறை. இந்த ஒழுங்குக்கு ஒரு துணை விதியும் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

குகன் சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் பூசிக் கையை விட்டுப் பார்த்தான். எடுத்தான். மறுபடி விட்டான். எடுத்தான்.

"தலை பின்னால மடிஞ்சு கிடக்கு. நாட்டு மாடு, சின்னன். என்ர கை போகுதில்லை. ரீச்சர், நகம் வெட்டினனீங்களோ?"

நான் சட்டைக் கையை மடித்தேன். உள்ளே சூடாக இருந்தது, கரும்பலகையில் காட்ட முடியாத அளவுக்கு நெருக்கமாகவும் இருந்தது. ஒவ்வொரு முக்கலுக்கும் என் கை நசிந்து மரத்தது. "கண்ணைத் தேடாதேங்கோ, வாயைத் தேடுங்கோ," என்றான் குகன். வாய் கிடைத்தது. விரலை உள்ளே விட்டேன். நாக்கு ஒன்று என் விரலைச் சுற்றிச் சூப்பியது.

"உயிர் இருக்கு!" என்று கத்தினேன்.

"அப்ப கெதியா," என்றான்.

தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. பிறகு கால்களில் கயிறு போட்டு நானும் குகனும் முத்தையாவும் இழுத்தோம். கன்று வந்து விழுந்தது. முத்தையா தண்ணீருக்கு ஓடினார். லெட்சுமி பசுவின் தலைப்பக்கம், செல்வராசா நிழலில். குகன் பின்னங்காலில் தூக்கிக் குலுக்கினான், மூக்கில் வைக்கோல் விட்டான், நான் சாக்கால் தேய்த்தேன். விலா ஒருமுறை ஏறி இறங்கியது. நன்றாகவே ஏறி இறங்கியது. அதன்பிறகு ஏறவில்லை.

நான் சாக்கைக் கன்றின் மேல் போட்டேன்.

செல்வராசா அப்போதுதான் கிட்ட வந்தார். கெட்ட மனிதர் அல்ல. கனடாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "பாவம்," என்றார் முதலில். பிறகு, "டொக்டர், ஒரு கதை கேக்க வேணும். மூச்சு விட்டதோ?"

துணை விதி இதுதான். செத்துப் பிறந்த கன்று முறையில் சேராது. மூச்சு விட்டுச் செத்தால் சேரும். மூச்சு விட்டிருந்தால் முத்தையாவின் முறை முடிந்தது. அடுத்த கன்று மறுபடி கனடாவுக்கு. முத்தையா வாளியோடு நின்றார். லெட்சுமி பசுவின் கழுத்தைத் தடவுவதை நிறுத்திவிட்டார்.

குகன் கையைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தான். "ரீச்சரைக் கேளுங்கோ. அவாதான் கை விட்டவா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினேழு வருடப் பழக்கம் உதவிக்கு வந்தது.

"தாயின்ர வயித்துக்குள்ள கன்று மூச்சு விடாது," என்றேன். "தொப்புள் கொடியாலதான் ஒட்சிசன் போகும்."

செல்வராசா தலையாட்டினார். "ஓம், ரீச்சர் சொன்னாச் சரிதானே. அப்ப அடுத்தது முத்தையாவுக்கு." சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். பாடநூலின்படி நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. லெட்சுமி எனக்குக் கைகழுவ வெந்நீர் கொண்டுவந்து தந்தார்.

பசு பிழைத்தது. பின்னேரம் நான்கு மணிக்குத் திரும்பினோம். பரந்தனுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் மறுபடி நின்றது.

"நல்ல விடை, ரீச்சர்," என்றான் குகன், ஊசியைத் தேடிக்கொண்டே. "கேட்ட கேள்விக்கு இல்லை."

"எத்தனை புள்ளி போடுவாய்?"

"பாஸ்."

"நீயே 'மூச்சு விடேல்லை' எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"நாலு வருசமா எல்லா வளவிலயும் நான் 'விடேல்லை' எண்டுதான் சொல்லுறன். இனி ஒருத்தரும் நம்பாயினம். உங்களை நம்புவினம்."

அப்போதுதான் என் திட்டம் எங்கே பிழைத்தது என்று விளங்கியது. ஒவ்வொரு மாட்டின் கயிற்றின் மறுமுனையிலும் ஒரு மனிதர் நிற்கிறார். சில மாடுகளுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கனடாவில். மனிதர்களிடமிருந்து தப்புவதற்கு இதைவிட மோசமான தொழில் அஞ்சல் விநியோகம் மட்டுமே. படிக்க விரும்பியதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் போய்விட்டது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வலக்கை தோள்வரை வலித்தது. சுட்டுவிரலில் அந்த நாக்கின் பிடி இன்னும் இருப்பது போலிருந்தது. கையை உள்ளே விட்டதிலிருந்து கன்று விழுந்தது வரை நான் களைத்தவள் என்பது எனக்கு நினைவில் இருக்கவில்லை. எத்தனையோ வருடத்தில் அப்படி ஒரு நேரம் வேறு வந்ததாக ஞாபகமில்லை. கன்று செத்தும் அது மாறவில்லை.

"பெயரைக் குடு," என்றேன்.

"குடுக்கிறன். இப்ப தள்ளுங்கோ ரீச்சர்," என்றான். பெற்றோல் முடிந்துவிட்டிருந்தது.

எழுதிக் கேட்ட மூவருக்கும் சில குறிப்புகள். கிளிநொச்சியிலிருந்து பூநகரிக்கு இப்போது பேருந்து உண்டு, ஆனால் குறைவு, காலையில் போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணறுகளில் உப்பு. சேர்வதற்கு முன் ஒரு மிருக வைத்தியரோடு ஒரு முழுநாள் சுற்றுங்கள், நல்ல நாளாகத் தெரிந்தெடுக்காதீர்கள். மனிதர்கள் அலுத்துவிட்டார்கள் என்பதற்காகப் படிக்காதீர்கள். களைப்புத் தீரும் என்றும் எண்ணாதீர்கள். எனக்குத் தீரவில்லை, இடையிடையே மறந்துபோகிறது.

அந்தப் பசு அடுத்த வருடம் ஒரு நாகு போட்டது, பெண் கன்று. அது முத்தையா வீட்டுக்கு. லெட்சுமி அதை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார் என்றும், அது யாரையும் கிட்ட விடுவதில்லை என்றும் குகன் சொன்னான். ஊசி போட நான்தான் போக வேண்டியிருந்தது.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள்.