ஆர்மோனியம் மூடிய வெள்ளிக்கிழமை

பாட்டுப் பயிற்சிக்கு வந்தால் பிரிட்டோ அண்ணன் முதலில் பார்ப்பது எங்கள் முதுகைத்தான். "கூன் போட்டுக்கினு உக்காந்தா கொரலு வவுத்துலயே நின்னுடும். நிமிரு செல்வி" என்பார்.

செல்லிப்பட்டுப் பக்கத்து எங்கள் சின்ன மாதா கோயிலில் பதினெட்டு வருஷம் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடியவர் அவர். வாரத்தில் ஆறு நாள் ரைஸ்மில் வேலை. எந்த இசைப் பள்ளி வாசலையும் மிதித்ததில்லை. ஆனால் எப்படி உட்கார வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஆர்மோனியப் பெட்டியைத் தரையில் வைக்கமாட்டார், பலகை மேல் ஏற்றுவார். போர்வையை நாலாக மடித்துப் போட்டு, முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி அதன்மேல் உட்காருவார். பெட்டிக்குக் காற்றடிக்கும் துருத்தியைத் தள்ளுவது மணிக்கட்டு மட்டும்தான். மூச்சு வாங்கினால் வயிறும் விலாவும் விரிய வேண்டும். எங்களில் யாராவது தோளைத் தூக்கினால், "இன்னா, தண்ணிக்கொடமா தூக்கற?" என்று மானத்தை வாங்கிவிடுவார்.

"பொட்டிக்கு ஒரு மூச்சு, நமக்கு ஒரு மூச்சு. ரெண்டயும் முடிச்சு போட்ராதீங்க" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில், மூச்சு வாங்கும்போது அவர் தோளே ஏறியது. நான் அவருக்கு நேர் பின்னால் உட்காருகிறவள், எனக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் முதுகும் வளைந்து பெட்டிமேல் சாய்ந்தது. பாட்டின் நடுவில் மூச்சு நின்றுபோனால், கட்டையை விடாமல் அழுத்திப் பிடிப்பார். ஆர்மோனியச் சத்தம் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். துருத்தி திறக்கும்போதுதான் அவரும் மூச்சை இழுத்தார். எங்களுக்குக் கூடாது என்று சொன்னதையெல்லாம் அவரே செய்துகொண்டிருந்தார்.

தனியாகக் கேட்டேன்.

"மில்லு தூசு செல்வி. பனி வேற. சரியாப்பூடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க அண்ணி ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாத. ஆஸ்பத்திரின்னு இஸ்துகினு பூடுவா. ஃபாதர் காதுக்கு போச்சுன்னா பாட்டுக்கு வேற ஆள வெச்சிடுவாரு. பாட்டும் பூட்டா எனக்கு இன்னா இருக்குது சொல்லு?"

மில்லில் அவரை "யோவ்" என்று கூப்பிடுவார்கள். கோயிலில்தான் அவர் பாட்டுக்காரர். பாவமாக இருந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியைப் பற்றித்தான். முந்தின நாள் பூசையிலேயே ஆர்மோனியத்தை மூடித் துணி போர்த்திவிடுவோம். மறுநாள் கோயில் மணிகூட அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். மக்கள் வரிசையாக வந்து சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்யும்போது, மாதா மகனை நினைத்து அழும் ஒப்பாரியை பிரிட்டோ அண்ணன் தனிக்குரலில் பாட வேண்டும். மூச்சை மறைக்கப் பெட்டி இருக்காது.

"இந்த வருஷம் நான் பாடறேண்ணா" என்றேன்.

"போடி. அது என் பாட்டு."

பெரிய வெள்ளி மாலை சிலுவைக்குப் பக்கத்தில் நின்று தொடங்கினார். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாம் அடியில் தோள் காதுவரை ஏறியது. மூன்றாம் அடியில் 'மகனே' என்ற ஒரு சொல்லை மூன்று துண்டாக உடைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் காற்றை உறிஞ்சும் சத்தம். அவர் இடது கை தொடையோரம் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, இல்லாத துருத்தியைத் தள்ளிக்கொண்டு.

முன்வரிசைப் பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். அண்ணன் அழுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் திணறத் திணறக் கோயிலே அழுதது. ஸ்டெல்லா அண்ணியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். ஆனால் எழுந்து போய் அவர் குரலோடு என் குரலைச் சேர்த்துப் பாட்டை முடித்துவைத்தேன்.

வெளியே வந்ததும், பூசைக்கு எடுபிடி பார்க்கும் கோயில்பிள்ளை சாமிக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா உருகிட்ட பிரிட்டோ! இத்தினி வருஷத்துல நீ இப்டி பாடனதே இல்லப்பா."

அண்ணன் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா செல்வி, தப்பிச்சிட்டோம்" என்றார் என் காதில்.

ஆனி மாதம் மில்லிலேயே மயங்கி விழுந்தார். நுரையீரல் இரண்டும் தூசு ஏறிச் சுருங்கிவிட்டது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்தக் கிறிஸ்துமஸ்தான். மூன்று வாரத்தில் போய்விட்டார்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு அந்தப் பாட்டை நான் பாடினேன். நிமிர்ந்து நின்று, தோள் அசையாமல், அவர் சொல்லிக்கொடுத்தபடியே விலா விரிய மூச்சு வாங்கிப் பாடினேன். ஓர் அடிகூட உடையவில்லை. யாரும் அழவும் இல்லை.

வாசலில் ஸ்டெல்லா அண்ணி என் கையைப் பிடித்தார். "நல்லாத்தான் பாடன செல்வி. ஆனா அவரு மாதிரி அழுது பாடல நீ. அன்னிக்கி ஆண்டவர நெனச்சு எப்டி அழுதாரு!"

"ஆமா அண்ணி" என்றேன்.