ஆமென் வரும்வரை

எங்கள் சபையில் முன்பெல்லாம் ஜெபம் என்றால் ஒரே இரைச்சல். எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். ஒருத்தி தன் பயிரை மேய்ந்த பக்கத்துக் காட்டுக்காரர் ஆட்டைப் பற்றிக் கர்த்தரிடம் புகார் சொல்வாள். ஒருவர் மிளகுக்கு நல்ல விலை கேட்பார். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்காது. எனக்கு அதுதான் வசதி. அந்த இரைச்சலுக்குள் வாராவாரம் என் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்ல முடியாது. ரோடு வேலைக்கு வந்த பையனைக் கட்டிக்கொண்டு அவள் மலையிறங்கிப் போன அன்றே, "இனிமே அவ பேரு இந்த ஊட்டுல கேக்கக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர்தான் எங்கள் சபை மூப்பர். சொன்னால் சொன்னதுதான்.

பிறகு அடிவாரத்திலிருந்து புதுப் போதகர் வந்தார். ஜெபத்திலும் கிரமம் வேண்டும் என்றார். பாய் வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து ஜெபிக்க வேண்டும். முடித்ததும் மூப்பர் முதலில் ஆமென் சொல்ல, சபை பின்னால் சொல்லும். அதன் பிறகே அடுத்தவர் எழ வேண்டும். நடுவில் யாரும் பேசக் கூடாது. கர்த்தருக்கே டோக்கன் முறை கொண்டுவந்துவிட்டார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி நான் என்னத்தை ஜெபிக்க? மழைக்கும் மரவள்ளிக்கும் ஜெபித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அந்த ஞாயிறு காலை, சபைக்குக் கிளம்பும் நேரத்தில் மருமகன் போன் செய்தான். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் என்னோடு எப்போதாவது பேசுவான். "அத்தை, ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுங்க. வண்டியில ஏத்திட்டோம்." எங்கே என்று கேட்பதற்குள் டவர் போய்விட்டது. என் மகள் வயிற்றுப்பிள்ளைக்காரி. இன்னும் மாதம் நிறையவில்லை. மேட்டில் ஏறி நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஓடினேன். வீட்டுக்காரர் சபை வாசலில் நின்றிருந்தார். "ஏனுங்க, நம்ம பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போனேன். பாட்டு தொடங்கியிருந்தது. போதகர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நானும் உட்கார்ந்தேன். பழக்கம் அப்படி.

ஜெப வரிசை நத்தையாக நகர்ந்தது. ஒருத்தி மிளகுக் கொடிக்காக நீட்டி முழக்கினாள். அவள் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. அங்கே என் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. இங்கே நான் முறைக்குக் காத்திருந்தேன்.

என் முறை வந்தது. எழுந்து, "கர்த்தாவே" என்றேன். அவள் பெயரைச் சொன்னேன். "எம்புள்ள ரத்தமாப் போயிக் கெடக்கறா ஆண்டவரே. காப்பாத்துங்க." அவ்வளவுதான் என் ஜெபம்.

ஆமென் வரவில்லை.

எல்லாரும் மூப்பரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். அடுத்து ஜெபிக்க வேண்டியவள் பாதி எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். போதகர் தொண்டையைக் கனைத்தார். அவர் போட்ட கிரமம், அவராலேயே தாண்ட முடியவில்லை. நடக்கட்டும், ஆமென் வராமல் ஆராதனை எப்படி நகரும் என்று பார்க்கிறேன் என்று நின்றேன். மறுபடி அவள் பெயரைச் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன். கர்த்தரிடம் கெஞ்சினேனா, வீட்டுக்காரரிடம் கெஞ்சினேனா என்று எனக்கே தெரியாது.

அவர் ஆமென் சொல்லவில்லை. எழுந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த பாயை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். ஜெப நேரத்தில், சபை நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"எந்த ஆஸ்பத்திரி, புள்ள?"

"தெரியலீங்க" என்றேன்.