பண்டாரி வீட்டுப் பந்தி

கப்பலில் சமைக்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் பண்டாரி என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணியில் பண்டாரியாகத்தான் நான் தொழிலைத் தொடங்கினேன். இப்போது பெரிய சரக்குக் கப்பலில் இருக்கிறேன். சட்டையில் சீஃப் குக் என்று எழுதியிருக்கும். தெருவில் இன்னும் பண்டாரிதான். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கும்போதே இருபத்திரண்டு பேருக்கு, அதுவும் நான்கு தேசத்து நாக்குகளுக்கு, மூன்று வேளையும் நேரம் தவறாமல் சாப்பாடு போடுகிறவன் நான். எந்தக் காற்றிலும் என் மேசையில் ஒரு தட்டு நழுவியதில்லை. துணியை நனைத்துப் பிழிந்து விரித்து அதன்மேல் தட்டை வைத்தால் நகராது. இது தோணியில் கற்றது.

இப்படிப் பெருமையடிக்கிறவனின் மூக்கை உடைத்தது ஒரு பத்து மாதக் குழந்தை. அவள் என் மகள்.

அவள் பிறந்தபோது நான் நடுக்கடலில் இருந்தேன். போனில் படம் வந்தது. கப்பலில் எல்லாருக்கும் பாயசம் வைத்தேன். பத்து மாதம் கழித்து ஊரில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், அவள் என் மீசையைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அது எதிர்பார்த்ததுதான். கப்பல்காரன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் முதலில் அப்படித்தான் அழும், ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு வாரம்தான் இருந்தது. என் மனைவி பெரியதாழைக்காரி. பி.காம். படித்தவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கும் வேலை. பத்திரத்தில் ஒரு எண் மாறினால் பெட்டி ஏறவேண்டிய கப்பலில் ஏறாது. அவள் கையில் ஒரு எண்ணும் மாறியதில்லை என்று அவள் மேலதிகாரியே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டில் அலுவலக வேலைக்கென்று கிளம்பிப் போன முதல் பெண் அவள்தான். பிரசவ விடுப்பு முடிந்து, கெஞ்சி வாங்கிய கூடுதல் விடுப்பும் முடியப் போகிறது. வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டாரிலும் அவள் வீட்டாரிலும் வந்து தங்கிப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. "நான் இருக்கேம்லா, நீ போ" என்றேன். எட்டு மாதத்துக்குக் கப்பல் ஏற மாட்டேன் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன்.

சும்மாவும் இறங்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் நின்ற அரை நாளில், பிள்ளைச் சாமான் கடை ஒன்றில் புகுந்து ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தேன். அடியில் ரப்பர் வைத்து மேசையில் அட்டைப்பூச்சி போல ஒட்டிக்கொள்ளும் கிண்ணம். கழுத்தில் மாட்டினால் சிந்துகிற சோற்றை வாங்கிக்கொள்ள அடியில் பை வைத்த சிலிக்கான் பிப். சாப்பாடு சூடாக இருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் கரண்டி. கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வடியாத சிப்பர். பழத்தை உள்ளே வைத்துப் பிள்ளை கையில் கொடுத்தால் சாறு மட்டும் வாய்க்குப் போகும், கொட்டை போகாது, அப்படி ஒரு வலைக்கூடு. இடுப்புக்கு வார் வைத்த நாற்காலி வேறு, முன்னால் தட்டுப் பலகையோடு. எல்லாவற்றையும் குசினியில் பரப்பியபோது எனக்கே கண் நிறைந்தது. நனைத்த துணி செய்கிற வேலையை ஒரு கிண்ணம் தானே செய்கிறது! இதைக் கண்டுபிடித்தவன் ஒருநாளாவது கப்பலில் சமைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டு மைனி, எனக்கு அண்ணி முறை, வந்து பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரல் வைத்தாள். அந்தத் தெருவில் என்னைக் கேலி செய்ய உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான்.

"கொழுந்தனாரே, புள்ளைக்குச் சோறு குடுக்கப் போறீயளா, ஆப்பரேசன் செய்யப் போறீயளா?"

"பாத்துக்கிட்டே இருங்க மைனி" என்றேன்.

வியாழக்கிழமை ஒத்திகை வைத்தோம். அதுவரை மகள் வாங்கியதெல்லாம் தாய்ப்பாலும், தாய் கையால் இரண்டு வாய் சோறும்தான். தாய் கண்ணில் படாவிட்டால் என் கையில் வாங்குவாளா என்று பார்க்க, மனைவி காலையிலேயே மைனி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பருப்பும் சோறும் குழைய வேகவைத்து, விளைமீனை முள் பார்த்து உதிர்த்துச் சேர்த்துப் பிசைந்து கிண்ணத்தில் வைத்தேன். மகளை நாற்காலியில் வைத்து வாரைப் போட்டேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கரண்டியோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

அவள் வாயைப் பூட்டினாள். பூட்டினாள் என்றால் அப்படி ஒரு பூட்டு. கரண்டி போன பக்கமெல்லாம் முகம் எதிர்ப்பக்கம் திரும்பியது. சிப்பரைத் தட்டிவிட்டாள், அது சொன்னபடியே ஒரு சொட்டும் சிந்தாமல் கட்டிலுக்கடியில் உருண்டு போனது. வலைக்கூட்டில் வைத்த வாழைப்பழத்தை என் மேலேயே எறிந்தாள். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய அழுகை மூன்று மணிக்கும் நிற்கவில்லை, தொண்டை கட்டி வெறும் காற்றாக வந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான். கப்பல் முழுக்கச் சோறு போட்டவன் சொந்த மகளுக்கு ஒரு பருக்கை கொடுக்க முடியாமல் நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்குத் தாங்கவில்லை. ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்துப் பால் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"திங்கக்கெழம நான் போவல. வேலைய எழுதிக் குடுத்துருதேன்."

"ஏளா, இன்னும் மூணு நாள் கெடக்கு."

"மூணு நாள்ல என்னத்தக் கிழிக்கப் போறீய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. அந்த நிறம் மாறும் கரண்டியை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிந்தேன். ஒரு எண் மாறாமல் வேலை பார்த்தவள் என்னால் வீட்டில் உட்காரப் போகிறாள் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. அன்று நான் மத்தியானச் சோறு சாப்பிட்டபோது மணி நாலரை.

அதற்கும் காரணம் உண்டு. பண்டாரி கடைசியில்தான் சாப்பிட வேண்டும். தோணியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் சட்டம் அது. கடைசி ஆள் கை கழுவும்வரை பண்டாரி தட்டைத் தொட்டால் அவன் திருடன். ருசி பார்க்க நாக்கு நுனி போதும், வயிறு எதற்கு என்பார்கள். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட, நாம் கரண்டியோடு நின்று யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். பதினைந்து வருடமாக அப்படியே பழகிவிட்டேன். கல்யாண வீட்டில்கூட என்னால் முதல் பந்தியில் உட்கார முடியாது, ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கும். மகள் சாப்பிடாத வீட்டில் நான் எப்படிச் சாப்பிடுவது?

வெள்ளிக்கிழமையும் இதே கூத்துதான். போனில் பாட்டு போட்டுக் காட்டினேன். பாட்டைப் பார்த்து வாயைத் திறந்தாள், சோறு போனதும் பாட்டைப் பார்த்தபடியே துப்பினாள். விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டியாகப் பிறந்திருக்கிறாள் என்று மைனி சொன்னாள். பிடிவாதம் யாருடைய ரத்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை. "இன்னைக்கு ஒரு நாள் பாக்கேன். இதுக்கு மேல எம்புள்ளையப் போட்டு வதைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு மனைவி மறுபடி மைனி வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டரைக்குத் தொடங்கினேன். ஒன்றரை மணிக்கு நாங்கள் இருவரும் தோற்றுப் போயிருந்தோம். அவள் அழுது களைத்து விக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் காலையிலும் ஒன்றும் இறங்கவில்லை. அடுப்பில் பெரியவர்களுக்கு வைத்த விளைமீன் குழம்பு மணத்தது. பசி காதை அடைத்தது. பசி வந்தால் எனக்குப் புத்தி நிற்காது.

"தின்னா தின்னு, தின்னாட்டாப் போ. எனக்குப் பசிக்கி" என்று அவளிடமே கத்திவிட்டு, ஏப்ரனைக் கழற்றி எறிந்தேன். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு, இன்னொரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். மூன்று நாளில் அவள் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. கோபத்தில் நாலு வாய் அள்ளிப் போட்டிருப்பேன். திடீரென்று வீட்டில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் மென்றால் அவள் உதடும் அசைகிறது. நான் விழுங்கினால் அவள் தொண்டையும் ஏறி இறங்குகிறது. கண்ணீர் கன்னத்திலேயே இருக்க, கையை என் தட்டுப் பக்கம் நீட்டினாள்.

ஒன்றும் தெரியாதவன்போல அடுத்த வாயை எடுத்துச் சாப்பிட்டேன். அவளுடைய கிண்ணத்தைப் பலகையில் வைத்து அழுத்தி ஒட்டினேன். கரண்டி கொடுக்கவில்லை. அவள் ஐந்து விரலையும் கிண்ணத்துக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினாள். பாதி வாய்க்குப் போனது, பாதி பிப்பின் பைக்குள் விழுந்தது. மென்றாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு வாய், அவள் ஒரு வாய். நடுவில், பழத்தை எறிந்த மாதிரிக் கிண்ணத்தையும் தூக்கி எறியப் பார்த்தாள். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், அசையவில்லை. "என் கிண்ணம்ளா அது!" என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவளும் பல் இல்லாத வாயைத் திறந்து சோற்றோடு சிரித்தாள்.

தான் சாப்பிடாமல் தலைக்கு மேலே நின்றுகொண்டு, மீசையும் கரண்டியுமாகச் சோற்றை நீட்டுகிற முன்பின் தெரியாத ஆளிடம் யார்தான் வாங்கித் தின்பார்கள்? நானாக இருந்தாலும் வாங்கமாட்டேன். என் மகளுக்குப் புத்தி இருக்கிறது.

அழுகை நின்றதால் என்னவோ ஏதோ என்று பதறி மனைவி ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் பிப்பின் பையில் கிடந்த பருக்கைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். மனைவி அவளைக் கூப்பிடவில்லை. வாசலைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பருக்கை வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய், திங்கட்கிழமைக்கான சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. கப்பலில் எத்தனையோ பேர் என் சாப்பாட்டைப் பாராட்டியிருக்கிறார்கள், எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை. மத்தியானம் நானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சாமான் எல்லாம் அதனதன் வேலையைச் செய்தன. கழுவி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தரையில் ஒரு பருக்கை இல்லை. மனைவியின் போன் வந்தபோது நான் பீற்றிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"சாப்பிட்டாளா?"

"கிண்ணம் காலி. ரெண்டாந்தரம் வேற கேட்டு வாங்குனா. சிப்பர்ல தண்ணியும் தானே குடிச்சா."

அந்தப் பக்கம் ஏதோ லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டாள்:

"என்னயத் தேடுனாளா?"

கப்பலிலிருந்து போன் பேசும்போதெல்லாம் நான் அவளிடம் கேட்ட கேள்வி அது. ஒவ்வொரு முறையும் அவள், "கேட்டுக் கதவுச் சத்தம் கேட்டா வாசலத்தான் பாக்கா, நீங்க வந்துட்டீயன்னு" என்பாள். நான் அதைக் கப்பல் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பார்த்தே இராத அப்பனைப் பிள்ளை எப்படித் தேடும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"தேடாம இருப்பாளா? கேட்டுக் கதவுச் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலத்தான் பாத்தா" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஏங்க, அது நான் ஒங்களுக்குச் சொன்ன பொய்லா. நெசத்தச் சொல்லுங்க."

மகளைப் பார்த்தேன். அவள் ஒட்டியிருந்த கிண்ணத்தை இன்னும் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடல" என்றேன்.

"ஒருவாட்டிகூடவா?"

"ஒருவாட்டிகூடத் தேடலளா."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி" என்றாள். "அப்ப நான் வேலையப் பாக்கேன்."