முன் நாற்காலியை விடாத நூலக்கா

“உங்க முகத்தையே உங்களால பார்த்துக்க முடியல. எங்க முகத்தை எப்படிப் பார்ப்பீங்க?”

அழகு நிலையத்தின் முன் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு பெண் இப்படிக் கேட்டாள். நூலக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார். என் முறைக்காக நானும் அன்று அங்கே காத்திருந்தேன்.

நூலக்கா புருவம் திருத்துகிறவர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரண்டு கைகளாலும் முறுக்கிப் புருவத்தின் மேல் ஓட்டுவார். அதனால் அந்தப் பெயர். இந்த வேலையில் அவர் முகத்துக்கும் வாடிக்கையாளரின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். கண்ணை மூடச் சொன்னாலும் யாரும் முழுதாக மூடுவதில்லை. சாய்ந்து கிடப்பவருக்கு நூலக்காவின் தாடைதான் கூரை. நாற்பத்தைந்து வயதில் அந்தத் தாடையில் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள் கிளம்பின.

“மறுபடியும் பதினாறு திரும்புதா உனக்கு? முன்னாடியே சொல்லியிருந்தா நானும் தலைக்கு மை அடிச்சிருப்பேனே” என்றார் கணவர்.

“நீங்க அடிச்சாலும் கண்ணாடி நம்பாது.”

வீட்டில் சிரித்துத் தள்ளிவிடலாம். கடையில் முடியவில்லை. முதலாளியம்மா வயதில் இளையவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“அக்கா, நீங்க பின்னாடி டவல் துவைக்கிற ரூமைப் பார்த்துக்கங்க. முகத் தொழில் பாருங்க இது. மாசக் கடைசிக்குள்ள சரியாச்சுன்னா முன்னாடியே இருக்கலாம்.”

முன் நாற்காலி போனால் நூல் போகும்; நூல் போனால் நூலக்காவுக்கு என்ன மிச்சம்? ஆகவே ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டார். எண்ணெய் ஆகாது என்றார்கள், விட்டார். காரம் ஆகாது, முட்டை ஆகாது என்றார்கள், அவற்றையும் விட்டார். வயிறு காய்ந்தது. பருவோ வாடகை கொடுத்துக் குடியேறியதுபோல் தாடையில் நிலைத்துவிட்டது.

அவர் விடாதது ஒன்றே ஒன்று. அந்தக் கடையில் சத்துப் பவுடர் டப்பாக்கள் விற்பார்கள். வேலை செய்கிறவர்கள் காலையும் மாலையும் வாடிக்கையாளர்கள் முன்னால் அதைப் பாலில் கலந்து, சர்க்கரை போட்டு, ஒரு பெரிய டம்ளர் குடிக்க வேண்டும். அது முதலாளியம்மாவின் சட்டம். “எங்க ஆளுங்க பளபளப்புக்கு இதுதான் காரணம்” என்று அவர் கைகாட்டி விற்பார். சாப்பாட்டைக் குறைத்த நூலக்கா, பசி தாங்காமல் மதியமும் அதையே குடிக்கத் தொடங்கினார். சத்துதானே, கெடுதல் செய்யுமா என்ற நம்பிக்கை.

அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரம்மா, விட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“எதை விட்டீங்கன்னு சொல்லிட்டீங்க. எதைக் குடிக்கிறீங்க?”

நூலக்கா சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“வயசு, ஹார்மோன் எல்லாம் ஒரு பக்கம். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஆனா சர்க்கரையும் பாலும் இந்த மாதிரிப் பவுடரும் சிலருக்குப் பருவைக் கூட்டும். நிறுத்திப் பாருங்க. பழையபடி வயிறாரச் சாப்பிடுங்க. மருந்து தர்றேன், தடவுங்க. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். இது ஒட்டிக்கிற நோய் இல்ல, பயப்படாதீங்க.”

“மாசக் கடைசி வரைக்கும்தாங்க எனக்குக் கெடு.”

“உங்க தோலுக்கு உங்க முதலாளியைத் தெரியாதேம்மா.”

மறுநாள் காலை டம்ளர் வந்தது. நூலக்கா தள்ளி வைத்தார். மாலையிலும் அப்படியே. முதலாளியம்மா முறைத்தார், மாசக் கடைசிக்காகக் காத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. நாற்காலியில் பேருந்தில் நடத்துநராக இருக்கும் ஓர் அம்மா சாய்ந்திருந்தார். ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

“அக்கா, பேச்சு பேச்சா இருக்கணும். டவல் ரூமுக்குப் போங்க” என்றார் முதலாளியம்மா.

நூலக்கா பல்லிலிருந்து நூலை எடுத்தார். “போக மாட்டேன்.”

“என்னக்கா இது?”

“என் கையில என்ன குறை? பரு ஒட்டிக்கிற நோய் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. நீங்க குடுத்த பவுடரைக் குடிச்சு வந்ததுக்கு நீங்களே என்னை ஒளிச்சு வைப்பீங்களா? முகம் பிடிக்காதவங்க கண்ணை மூடிக்கட்டும்.”

முதலாளியம்மா வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “ஏம்மா, சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. ஒத்தைப் புருவத்தோட நான் பஸ்ல ஏறினா டிக்கெட் வாங்குறதை விட்டுட்டு என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. அவங்களே முடிக்கட்டும். எனக்கு வேண்டியது அவங்க கை, தாடை இல்ல.”

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியம்மாவின் குரல் இறங்கியது.

“சரி, இருங்க. ஆனா பவுடரைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது.”

“வாயில நூல் இருக்கிற வரைக்கும் பேச மாட்டேன். எடுத்தப்புறம் யாராவது கேட்டா, உள்ளதைச் சொல்லுவேன்.”

கேட்டார்கள். சொன்னார். டப்பாக்கள் இன்றும் அலமாரியில்தான் இருக்கின்றன. நூலக்கா இன்றும் முன் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். சில மாதங்களில் பருக்கள் பெரும்பாலும் அடங்கின. இப்போதும் அவ்வப்போது ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அவர் அவற்றை முகமாவு பூசி மறைப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் நாற்பதைத் தாண்டிய யாராவது தாடையைத் தடவிக்கொண்டு, யார் யாரோ சொன்னதற்காகப் பட்டினி கிடக்கலாம். இந்தக் கதையை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். பவுடர் விற்கிற கடையில் நின்று சொல்வதானால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.