மௌன டீச்சரின் வகுப்பில் நான் போட்ட கோடுகள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபது வருஷம் பஸ் கண்டக்டர். ஏறிய தலை, இறங்கிய தலை ஒன்றுகூட என் கணக்கில் தப்பியதில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் இன்று ஐந்து அறைகளில் வெளிநாட்டு மொழிப் பள்ளி நடத்துகிறேன். அங்கே கற்றுத்தரும் ஒரு மொழியும் எனக்குத் தெரியாது. தெரிந்துதான் ஆகவேண்டுமா என்ன?

எங்கள் மௌன டீச்சர் முன்பு தையல்கடையில் பட்டன் கட்டியவர். தன் தங்கை வீட்டு மாடியில் தனியாக இருந்துகொண்டு ரேடியோ கேட்டே மொழியைப் பிடித்தவர். ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினேன். கேள்வி கேட்டதும் பதிலை நீங்களே சொல்லாதீர்கள், மனசுக்குள் ஏழு வரை எண்ணிக் காத்திருங்கள் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதிலிருந்துதான் அந்தப் பட்டப்பெயர். அவர் காத்திருந்தார், மாணவர்கள் வாயே திறக்கவில்லை. புகார் வந்தது.

"நாளைக்கு வந்து உக்காருவேன் டீச்சர். ஆளுக்கு மூணு தடவையாவது பேசணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றேன்.

காலை பத்து மணி வகுப்பு. கடைசியில் உட்கார்ந்து, இருப்பவர்களை வட்டம் வட்டமாகத் தாளில் வரைந்தேன். பேசினால் அவர் வட்டத்தில் ஒரு கோடு. டீச்சர் கேட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும். ஏழாவது நொடியில் ஜன்னலோரத்திலிருந்து ஓர் ஆண்குரல் மெதுவாகப் பதில் சொன்னது. கோடு போட்டேன். பிறகு ஒருவர், இன்னொருவர் என்று எல்லோரும் பேசினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஜன்னலோரம்தான் முதல்.

மாணவர்கள் போனதும் பதிவேட்டைப் பார்த்தேன். பதினோரு பெயர். என் தாளில் பன்னிரண்டு வட்டம். ஜன்னலோர நாற்காலியில் விரலை வைத்தேன், தூசி அப்பிக்கொண்டது.

"அங்க யாரு டீச்சர் இருந்தது?"

"உங்களுக்கும் கேட்டுச்சா சார்?" அவர் பலகையைத் துடைப்பதை நிறுத்தினார். "போன வாரத்துலேருந்து வர்றாரு. அவரு ஆரம்பிச்சாதான் இவங்களுக்குக் கூச்சம் விடுது."

"அப்போ பேரு என்னான்னு கேட்டு, பதிவேட்டுல சேத்துடலாமா?" என்று கிண்டலடித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் பார்க்காமல் நின்றார்.

"கேள்வி கேட்டுட்டீங்க சார். கொஞ்சம் பொறுங்க."

என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஆறு வந்ததும் வெளியே வந்துவிட்டேன். வேலை நிரந்தரம் என்று அன்றே எழுதிக்கொடுத்தேன். இன்றும் அந்த அறை அவருக்குத்தான். அங்கே நான் போனால் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.