டொக்டர் அக்கா காத்திருக்கச் சொன்ன ஒரு வருடம்

போன செவ்வாய்க்கிழமை காலை, இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் இருக்கும் என் கடை வாசலில் அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது கௌதம் தொலைபேசியில் அழைத்தான். "அங்கிள், அம்மா விடியக்காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பிள்ளை அவன். அவனோடு வந்து தங்கியிருந்த அம்மா மங்கையர்க்கரசியைத்தான் பலேர்மோவில் நாங்கள் எல்லோரும் டொக்டர் அக்கா என்று கூப்பிட்டோம். லொறிக்காரன் கையெழுத்துக் கேட்டு நின்றான். எதில் வைத்தேன், எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவர் மருந்து கொடுக்கும் டொக்டர் அல்ல. அது தெரியாமல் ஒரேத்தோத் தெருப் பக்கம் இருக்கும் எங்கள் சனத்தில் பாதி அவரிடம் பிரஷர் காட்டப் போயிருக்கிறது. "நான் படிப்புக்குத்தானுங்க டாக்டர், உடம்புக்கு இல்லீங்க" என்று சிரிப்பார். வந்தவர்களைத் தேநீர் குடிக்காமல் போகவும் விடமாட்டார்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது துவரம் பருப்பைக் கையில் எடுத்து, "இது எப்ப வந்ததுங்க?" என்று கேட்டார்.

"போன கிழமை, அக்கா. புதுச் சாமான்."

"கடைக்குப் போன வாரம் வந்துச்சு, சரி. செடியை விட்டு எப்ப வந்துச்சுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருட வியாபாரத்தில் என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை. அவரும் சிரித்தார். "நானும் கடை நடத்துனவதானுங்க முதலாளி. நீங்க பருப்பு விக்கறீங்க, நான் படிப்பு வித்தேன்" என்றார். துபாயில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளையில் மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கிளைகள் வளர்ந்த கதையை அவர் அடிக்கடி சொல்வார். தொடக்கத்தில் வாடகைக் கட்டடத்தில் இரண்டே மாடிகளாம். பிள்ளையோடு வரும் பெற்றோர், "பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேட்டால் இவர் லிப்டைக் காட்டுவாராம். பிறகு மணல்வெளியில் கட்டடங்கள் எழும்பின. பிரித்தானியா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று ஒவ்வொரு நாட்டின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. அதற்குக் காரணம் அரசாங்கத்தின் ஆசை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் வேறு கணக்குச் சொன்னார். "அங்க பொறந்த எங்க பிள்ளைங்க பன்னெண்டாவது முடிச்சதும், படிக்க இடமில்லாம ஊருக்குத் தனியா அனுப்பிட்டிருந்தோம். கிளைங்க வந்த பிறகுதான் ஏர்போர்ட்ல அழுகற அம்மாக்கள் குறைஞ்சாங்க." தன் வேலையில் அவருக்குப் பெருமை அதுதான்.

எனக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று. என் மகள் அபி இங்கே பிறந்தவள். ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படிக்க வேண்டும் என்று நின்றாள். இங்கிலாந்து எங்களுக்குக் கட்டாது. துபாயில் மச்சான் இருக்கிறான். அக்காவே தன் பழைய அலுவலகத்தில் விசாரித்து, விண்ணப்பத்தைத் திருத்தி, செப்டெம்பருக்கு இடமும் எடுத்துக் கொடுத்தார். மனைவி கோயிலில் எல்லோருக்கும் சொல்லி முடித்தாள். பொலிதேயாமாக் கடைத்தெருவில் பயணப் பெட்டியும் வாங்கியாயிற்று.

பெட்டி வாங்கிய கிழமையில் அக்கா வீட்டுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, "பதினெட்டு முடிஞ்சு கேக் வெட்டியாச்சா?" என்று அபியிடம் கேட்டார். "இல்லை ஆன்டி, மார்ச்லதான்" என்றாள் அவள். எங்கள் சனத்துக்கே உரிய அவசரத்தில் நாங்கள் அவளை ஒரு வருடம் முந்தியே பள்ளியில் சேர்த்து, ஐந்து வருட உயர்பள்ளியை நாலு வருடத்தில் முடிக்கும் வகுப்பிலும் விட்டிருந்தோம். கூடப் படித்தவர்களுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, இவளுக்கு ஆகவில்லை. அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதலாளி, இவ இப்பப் போக வேண்டாமுங்க."

"என்ன அக்கா கதைக்கிறியள்? இடம் எடுத்துத் தந்ததே நீங்கள்தானே!"

"நாந்தான். நாந்தானுங்க இப்பத் தடுக்கறேன்."

வெளிநாட்டவரின் பிள்ளை இத்தாலியில் பிறந்து, பதினெட்டு வயது வரை இடைவெளி இல்லாமல் இங்கேயே பதிவோடு வாழ்ந்திருந்தால், அடுத்த ஒரு வருடத்துக்குள் குடியுரிமை கேட்கலாம். அது எனக்கும் தெரியும். மார்ச்சில் பறந்து வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போவாள்தானே என்று நினைத்திருந்தேன். அந்த இடைவெளி என்ற சொல்லை நான் யோசிக்கவேயில்லை.

மனைவி கொதித்தாள். "சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. இனி என்னவெண்டு கதைப்பினம்?" அபி, "பஸ்தா, போதும் அப்பா! ஒரு வருசம் இஞ்சை இருந்து நான் என்ன செய்யிறது?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள். எனக்கும் கோபம். பெரிய பதவியில் இருந்தவருக்கு எங்கள் பிள்ளை அங்கே போவது பொறுக்கவில்லையோ என்றுகூட வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்து போகவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "கௌதம் துபாய்ல பொறந்தவனுங்க. எங்க கிளையிலயே படிச்சான். எனக்கு வேலை முடிஞ்சதும் விசாவும் முடிஞ்சுது. அவன் பொறந்த ஆஸ்பத்திரியத் தாண்டித்தான் ஏர்போர்ட் போனோம். அத்தனை பிள்ளைங்களுக்கு இடம் கொடுத்தேன், எம் பையனுக்கு அந்த ஊரை என்னால கொடுக்க முடியலீங்க. உங்க பிள்ளைக்குப் பொறந்த ஊரு கைக்கு எட்டற தூரத்துல இருக்குது. ஆறு மாசத்துக்காக விட்டுறாதீங்க."

அடுத்த நாள் மாநகரசபையில் போய்க் கேட்டேன். பதிவு மேசையில் இருந்த சின்யோரா கணினியைப் பார்த்துவிட்டு, இப்போது வெளியே போய்த் தங்கினால் சிக்கல் வரலாம், வராமலும் போகலாம் என்றாள். வரலாம், வராமல் போகலாம் என்ற சரக்கை நான் வாங்குவதில்லை. அபியின் இடத்தை அக்கா பேசி அடுத்த செப்டெம்பருக்குத் தள்ளிவைத்தார்.

அந்த வருடம் அபி எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. கடையில் நின்றாள், முகத்தைத் தூக்கிக்கொண்டு பில் போட்டாள். அக்கா மட்டும் கிழமைக்கு ஒருதரம் வந்து, "ஏனுங்க மேனேஜர், இன்னைக்காவது சிரிப்பு ஸ்டாக் இருக்குதுங்களா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைப்பார். மார்ச்சில் பதினெட்டு ஆனதும் மாநகரசபையில் அபி கையெழுத்து வைத்தாள். வெளியே வந்தவள் முதலில் கட்டிப்பிடித்தது என்னை அல்ல, அக்காவைத்தான். மனைவிக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

இப்போது அபி துபாயில் இரண்டாம் வருடம். அக்கா போன செய்தியை அவளுக்குச் சொன்னேன். "அப்பா, என்ரை வகுப்பிலை பாதிப்பேர் இஞ்சையே பிறந்தவை. படிப்பு முடிய வேலை கிடைக்காட்டி எங்கை போறது எண்டுதான் எப்பவும் கதைக்கினம். எனக்குத் திரும்பிவர ஓர் ஊர் இருக்கு எண்டு அவைக்குச் சொல்ல மனம் வராது" என்றாள்.

நேற்று அக்காவின் உடல் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டது. அதற்கு முந்திய நாள், எனக்கு நெடுநாள் வாடிக்கையான ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. மகனுக்கு வளைகுடாவில் இடம் கிடைத்துவிட்டதாம். பளபளவென்ற கட்டடப் படத்தை நீட்டினார்கள். இங்கே பிறந்த பிள்ளை, இன்னும் பதினேழு வயதுதான். பொறுக்கச் சொன்னேன். "உங்கடை பிள்ளை போகலாம், எங்கடை பிள்ளை போகக் கூடாதோ?" என்று தகப்பன் கேட்டார். எடுத்து வைத்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

இனி அவர்கள் என் கடைக்கு வராமல் போகலாம். நாளை நானே அவர்கள் வீட்டுக்குப் போய், இன்னொரு தடவை சொல்லப்போகிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்: திட்டு வாங்கிய பிறகும் நாற்காலியை விட்டு எழும்பாமல் இருப்பது.